பொட்டு வைத்த நட்டுகள்

குடும்பத்தில் அவனுக்கு அரைகுறை என்று பெயர். வைத்தவர் அவனுடைய அண்ணன். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான பெயர்தான். கிதார் வாங்கினான், இரண்டு பாட்டு வந்ததும் பரணில் ஏற்றிவிட்டான். நீச்சல் பழகப் போனான், மிதக்க வந்ததும் நின்றுகொண்டான். கூடத்துச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடித்தபோது அலமாரியை நகர்த்தச் சோம்பல்பட்டு அதைச் சுற்றியே அடித்தான். பிறகொரு நாள் அலமாரி இடம் மாறியது. அது நின்ற இடம் மட்டும் பழைய மஞ்சளில் ஆளுயரத்துக்குத் தெரிந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

கண்ணாடிக் கடையில் பார்வை பார்த்துச் சொல்வது அவன் வேலை. ஆட்களை உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பான். அங்கே ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்தால்தான் கை பாதியில் நின்றுவிடும்.

அப்பா போன பிறகு அவருடைய பழைய கார் இவன் வீட்டுக் கொட்டகைக்கு வந்தது. எஞ்சின் இறுகிப்போய், அடிப்பக்கம் துருவேறி, பின் இருக்கையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுடு" என்றார் அண்ணன். "நானே பிரிச்சு ஓட வைக்கிறேன்" என்று இவன் வாயைக் கொடுத்தான். அண்ணன் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது.

அம்மா இருந்தது அண்ணன் வீட்டில். இவனும் மனைவியும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார்கள். "வரேன், வரேன்" என்பாளே தவிரப் பையை எடுக்கமாட்டாள். ஒருநாள் இவன் விடாமல் கேட்கவும் அம்மா சொல்லிவிட்டாள்: "முதல்ல அந்த வண்டிய முடி. அதுலயே வந்து என்னைக் கூட்டிட்டுப் போ. உன்கூடவே இருக்கேன்."

விளையாட்டாகச் சொன்னாளோ, தட்டிக் கழிக்கச் சொன்னாளோ, இவனுக்கு அது முள் மாதிரி தைத்துவிட்டது. அம்மாவுக்கும் தான் அரைகுறைதானா? நம்பி வந்து இருக்கத் தகாத ஆளா? அன்றைக்கே கொட்டகைக்குப் போய்க் காரின் மூக்கைத் திறந்தவன்தான்.

அதன்பின் அந்த வீடு வீடாக இல்லை. சாப்பாட்டு மேசைமேல் எஞ்சின் உட்கார்ந்தது, இவர்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிஸ்டன்கள் மண்ணெண்ணெயில் குளித்தன. இட்லித் தட்டு வைத்திருந்த ஒரே தட்டுமுட்டு அலமாரியில் திருகாணிகள் குடியேறின. மனைவி முதலில் கத்தினாள், பிறகு முறைத்தாள், கடைசியில் அவளே துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சுபாவம் இவனுக்கு நேரெதிர். எது பாதியில் கிடந்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. இவன் குடித்து வைத்த மீதிக் காபியைக்கூட ஒரே மடக்கில் முடித்துவிட்டுத்தான் டம்ளரைக் கழுவுவாள்.

எஞ்சினைத் திரும்பப் பூட்டும்போது அவனுக்குத் தன்மேலேயே நம்பிக்கை இல்லை. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தான். பிஸ்டன் ஒவ்வொன்றையும் கீழே சுழலும் தண்டோடு பிடித்து வைப்பது இரண்டு நட்டு. நாலு பிஸ்டனுக்கும் சேர்த்து எட்டு. முதலில் சாதாரண ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பிறகு, அளவு வைத்த டார்க் ஸ்பேனரால் கடைசி இறுக்கு. சரியான இறுக்கம் வந்ததும் அது 'டக்' என்று சொல்லும். சொன்னதும் அந்த நட்டின் தலையில் மனைவியின் சிவப்பு நகச்சாயத்தில் ஒரு பொட்டு வைப்பான். பொட்டு இருந்தால் முடிந்தது. இல்லாவிட்டால் முடியவில்லை. அந்த எட்டும் சரியாக இல்லையென்றால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வேகமாக ஓடும்போது ஒன்று கழன்றால் போதும், பிஸ்டனோடு இணைந்த இரும்புத் தண்டு எஞ்சினைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

எட்டிலும் சிவப்புப் பார்த்த பிறகுதான் எஞ்சினின் அடிமூடியைப் பூட்டினான். எண்ணெய் ஊற்றினான். வண்டி இரண்டு முறை தும்மியது, பிறகு பிடித்துக்கொண்டது. மனைவி கையைத் தட்டினாள். தெருவில் நாலு சுற்றுச் சுற்றினான். பக்கத்து வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினார். அண்ணனுக்குப் போன் போட்டு, "ஞாயித்துக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டுப் போக வரேன். அப்பா வண்டியில" என்றான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அந்த மௌனத்தை அவன் வாழ்க்கையில் வேறெதையும்விட ரசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, புறப்படும் நேரம். மனைவி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து கால் விரல்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு கால் முடிந்ததும் பாட்டிலின் அடி தெரிந்தது.

"பாருங்க, மொத்தத்தையும் உங்க எஞ்சினுக்கே பூசியாச்சு. நான் வேற ரெண்டு வெச்சேன்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவன் கை நின்றது.

"என்ன ரெண்டு?"

"அன்னிக்கு உங்க அண்ணன் போன் பண்ணாரே, எப்ப முடிப்ப, எப்ப முடிப்பன்னு. நீங்க பேசிக்கிட்டே வாசலுக்குப் போயிட்டீங்க. பாட்டில் திறந்தே கிடந்துச்சு, காஞ்சுபோயிடுமேன்னு மூட வந்தேன். பார்த்தா எல்லாத்துக்கும் பொட்டு இருக்கு, ரெண்டுக்கு மட்டும் இல்ல. பாவம், மறந்துட்டீங்கன்னு நானே வெச்சு விட்டேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றான்.

அந்த இரண்டையும் இறுக்கினானா? இறுக்கிவிட்டுப் பொட்டு வைக்கப் போகும்போது போன் வந்ததா? இல்லை, அதற்கு முன்னாலேயே வந்துவிட்டதா? கண்ணை மூடி யோசித்தான். அண்ணன் குரல் வந்தது, வாசல் வந்தது, 'டக்' மட்டும் வரவில்லை. ஒரு கணம் வந்த மாதிரி இருந்தது. இப்போது அதை எப்படி நம்புவது? நாள் முழுக்க அடுத்தவர்களைக் கேட்கிற கேள்விதான். இது தெளிவா, அது தெளிவா? இரண்டுமே கலங்கலாக இருந்தன.

அடிமூடியைக் கழற்றிப் பார்க்கலாம். எண்ணெய் வடியவிட்டு, கழற்றி, பார்த்து, திரும்பப் பூட்டி… இன்றைக்குப் போக முடியாது. அண்ணனுக்குப் போன் செய்து "வண்டி இன்னும் முடியல" என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தான். நாக்கு கசந்தது. அன்றைக்கு நாலு சுற்று ஓடியதே, ஒன்றும் ஆகவில்லையே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாவியை எடுத்தான்.

நெடுஞ்சாலை வந்ததும் சமாதானம் இறங்கிப் போய்விட்டது. வேகத்தைக் கூட்டுவதற்குக் கால் வரவில்லை. லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுத் தாண்டின. சைக்கிள்காரர் ஒருவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, காரை மேலும் கீழும் பார்த்து, பிறகு முந்திப் போனார். அவன் காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். எஞ்சினில் டொக் என்று கேட்டதா? இல்லை, கதவு ஆடுகிறது. இப்போது கேட்டதே? அது மனைவியின் வளையல்.

"வளையல கழட்டேன்."

"வளையல் என்ன பண்ணுச்சு உங்கள? நானே இறங்கி நடந்தா முன்னாடி போய்ச் சேர்ந்துடுவேன் போல. ஏங்க இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"வெயில்" என்றான். வானம் மூடிக்கொண்டிருந்தது. அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் வளையலைக் கழற்றிப் பையில் போட்டாள்.

அண்ணன் வீட்டு வாசலில் அம்மா தயாராக நின்றாள். வெளுத்த செருப்பு, வாரிய தலை, பக்கத்தில் ஒரே ஒரு பை. காரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்ததைப் போல அவன் இதற்கு முன் பார்த்ததில்லை. யாரையும் கேட்காமல் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கண்ணாடியைத் தொட்டாள், இருக்கையைத் தட்டினாள். "அந்த எலி நாத்தம் எப்படிடா போச்சு?" என்று கேட்டாள்.

அண்ணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சக்கரத்தை உதைத்துப் பார்த்தார். குற்றம் எதுவும் கிடைக்கவில்லை. அம்மாவின் பையை அவரே எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு, தம்பியின் தோளைத் தட்டினார்.

"பரவாயில்லடா. ஒண்ணையாவது முழுசா முடிச்சிட்ட."

எத்தனை வருடம் காத்திருந்த சொல். வாங்கி மடியில் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிடலாம். அவன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். பக்கத்தில் அம்மா. அவளுடைய முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, தகட்டுக்கு அந்தப் பக்கம் எஞ்சின். சாவியைத் திருப்பப் போனவன் அந்த முழங்காலைப் பார்த்தான். கை வரவே இல்லை.

"அம்மா, கொஞ்சம் இறங்கு. இந்த வண்டி இப்ப வராது."

"ஏன்டா, ஓடித்தானே வந்துச்சு?" என்றார் அண்ணன்.

"ரெண்டு நட்டு. இறுக்கினேனான்னு ஞாபகம் இல்ல. கழட்டிப் பார்க்கணும்."

அண்ணன் முதலில் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "நான் ஒரு நிமிஷம் ஏமாந்துட்டேன் பாரு! அரைகுறை, அரைகுறைதான். பையை எடுங்கம்மா, உள்ள போலாம்."

அம்மா உள்ளே போகிறாளா என்று திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை. பின்னாலிருந்து கருவிப் பெட்டியை எடுத்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஜாக்கி போட்டுக் காரின் முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி அடியில் புகுந்தான். அந்த வண்டியில் எஞ்சினை இறக்காமலேயே அடிமூடியைக் கழற்றலாம், அது ஒன்றுதான் வசதி. அண்ணி வீட்டுக்குள்ளிருந்து ஒரு பழைய வாளியைக் கொண்டுவந்து அடியில் தள்ளிவிட்டாள். எண்ணெய் வடிந்தது. வடிந்து முடிவதாகவே இல்லை. கீழே படுத்திருந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். அண்ணனின் ஷூ அங்குமிங்கும் நடந்தது. மனைவியின் கால்கள் வந்து நின்றன. ஒரு காலில் சிவப்பு நகம், மறு காலில் வெறும் நகம். காலையில் சாயம் தீர்ந்துபோனதால் அவளும் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள்.

அந்தக் கால்கள் மடங்கின. அவள் நல்ல துணியோடு மண்ணில் படுத்து உள்ளே நகர்ந்து வந்தாள். கையில் போன் விளக்கு.

"நான் வெச்ச ரெண்டா?" என்றாள் மெதுவாக.

"ம்."

"வழியெல்லாம் அதுக்குத்தான் வேர்த்துச்சா? அப்பவே சொல்றதுக்கு என்ன?"

அவன் அடிமூடியின் கடைசித் திருகைச் சுழற்றினான்.

அடிமூடி இறங்கியது. "அண்ணா, பெட்டியில எஞ்சினைச் சுத்துற கைப்பிடி இருக்கு, முன்னாடி போட்டு மெதுவாச் சுத்துங்க" என்றான். முனகிக்கொண்டே அண்ணன் சுற்றினார். தண்டு திரும்ப, நட்டுகள் ஒவ்வொன்றாக விளக்கு வெளிச்சத்துக்கு வந்தன. அவன் வைத்த பொட்டுகள் எல்லாம் வழிந்தும் கோணியும் இருந்தன. ஸ்பேனரை வைத்து இழுத்தான். டக். டக். ஆறும் அப்படியே நின்றன. கடைசி ஜோடி வந்தது. இரண்டிலும் அளவெடுத்த மாதிரி வட்டமாக, அழகாகச் சிவப்பு.

"இது என்னோடது" என்றாள்.

அவன் ஸ்பேனரை வைத்து இழுத்தான். டக் என்று சொல்லவில்லை. நட்டு நகர்ந்தது. இன்னும் இழுத்தான், இன்னும் நகர்ந்தது. இரண்டாவதும் அப்படியே.

"என்னடா, லூஸா இருக்கா?" மேலேயிருந்து அண்ணன்.

"ஆமா. நான்தான் இறுக்காம விட்டிருக்கேன்."

"அவர் இல்ல மாமா, பொட்டு வெச்சது நான்" என்றாள் அவள், காருக்கு அடியிலிருந்தே சத்தமாக. "வேலை முடியாமயே முடிஞ்சதுன்னு வெச்சவ நான்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவன் எண்ணெய்க் கையோடு அவள் கையைப் பிடித்தான். மேலே யாரும் சிரிக்கவில்லை. அண்ணனின் ஷூ நின்ற இடத்திலேயே நின்றது. அவர் பார்வை அம்மா உட்கார்ந்திருந்த முன் இருக்கைக்குப் போயிருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் கழித்து, "பையை உள்ள கொண்டு போயிடவாம்மா?" என்று கேட்டார். குரலில் பழைய கேலி இல்லை.

தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. வெளுத்த செருப்பு இரண்டும் காருக்குப் பக்கத்தில் வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாக உட்கார்ந்தன.

"பை இருக்கிற எடத்துலயே இருக்கட்டும்" என்றாள் அம்மா. "அவன் பார்த்து முடிச்சுட்டு வரட்டும். எனக்கென்ன அவசரம்? நீ அந்தக் கைப்பிடிய ஒழுங்காப் பிடி."

அவன் ஸ்பேனரை மறுபடி நட்டில் பொருத்தினான். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே நிறம் வாங்கவென்று கைப்பையில் போட்டு வந்த காலிப் பாட்டிலை எடுத்தாள். தூரிகையை அடியில் விட்டுச் சுரண்டினாள். ஒரு துளி தேறியது. ஆனால் அவள் வைக்கவில்லை, தூரிகையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"இழுங்க" என்றாள். "எனக்குச் சத்தம் கேக்கணும்."

அவன் இழுத்தான்.

டக்.