சுவரை விட்டுப் போன இருபத்துநான்கு பூச்சிகள்

ஆவணி மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, திருச்செங்கோட்டுக்குப் பக்கத்திலுள்ள ஒரு விவசாயக் கல்லூரியின் தாழ்வாரச் சுவரிலிருந்து பதினேழு வெட்டுக்கிளிகள், நான்கு வண்டுகள், மூன்று அந்துப்பூச்சிகள், ஆக இருபத்துநான்கு ஓவியங்கள் இறங்கி, வாசல் வழியாக வெளியே போயின. கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தைத் தூக்கி வழிவிட்டார். ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு பூச்சிப் புத்தகத்துக்காக இவற்றின் மூலப்படங்களைச் செம்புத் தகட்டில் செதுக்கியவர் பூச்சிகளின் இடப்பக்கத்தை மட்டுமே காட்டியிருந்ததால், வலப்பக்கம் வெறும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. சூரியன் எங்கே நின்றாலும் அவற்றின் நிழல் படத்தில் விழுந்த பக்கமே விழுந்தது. பெயரும் எண்ணும் வயிற்றுக்குக் கீழே ஒரு சாண் இறக்கத்தில் கூடவே மிதந்து போயின.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிக் கல்லூரியின் தற்காலிக ஓவியர் அக்சிலியா வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை. நாற்பத்தொரு நாள் அவள் வரைந்த சுவர் வெள்ளை அடித்ததுபோல் இருந்தது. வியாழக்கிழமை பத்து மணிக்கு ஆய்வுக்குழு வரவிருந்தது. குழுவுக்குச் சுவர் பிடித்தால் ஓவியர் வேலை நிரந்தரம், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை முதல் வரவேண்டாம் என்று அவள் சேர்ந்த அன்றே முதல்வர் சௌந்திரம் சொல்லியிருந்தார். நான்கு வருஷத்தில் அவளுக்கு இது மூன்றாவது தற்காலிக வேலை. நான்காவதைத் தேட அவளிடம் தெம்பு இல்லை.

அவள் எல்லாவற்றையும் முடித்திருந்தாள், கண்களைத் தவிர. அவள் பார்த்து வரைந்த அந்தப் பழைய புத்தகத்தில், ஆறு படங்களில் கண்ணின் வெள்ளைப் புள்ளி இடப்பக்கமும், மற்றவற்றில் வலப்பக்கமும் இருந்தது. எது சரியென்று நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதிப் பார்த்தும் முடிவுக்கு வர முடியாமல், கண்களைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டாள். படங்களுக்குக் கீழே பெயர் எழுத வந்தவர் தமிழரசு. போர்வெல் ரிக் லாரிகளுக்குச் சாமி படமும் சிங்க முகமும் போடுகிறவர். அந்தத் தொழிலில் கண்ணை எப்போதும் கடைசியில்தான், நல்ல நேரம் பார்த்து, எலுமிச்சம்பழம் வெட்டிச் சூடம் காட்டி வைப்பார்கள்.

“ஏழே முக்காலுக்கு நல்ல நேரமுங்க அம்மிணி. நீங்க வாரதுக்குள்ள போயிருமேன்னு நானே கண்ணைத் தொறந்து உட்டுட்டேன்.”

“பூச்சிக்கு யாராவது சூடம் காட்டுவாங்களாண்ணா?”

“இரும்பு லாரிக்கே காட்டறமுங்க. கண்ணில்லாம பாத்தா பாவமா இருந்துச்சு.”

செவ்வாய் முழுக்க இருவரும் தமிழரசுவின் வண்டியில் ஊர் ஊராகத் தேடினார்கள். பஸ் ஸ்டாண்டில் ஓர் அந்துப்பூச்சி ஈரோடு பஸ் ஏறியதாக ஒருவர் சொன்னார். அதை உறுதிப்படுத்த ஆள் கிடைக்கவில்லை. புதன்கிழமை காலை, கல்லூரிக்குப் பின்னால் நாலு ஏக்கரில் மரவள்ளி போட்டிருந்த பெரியசாமி நேராக முதல்வர் அறைக்கு வந்தார்.

“ஏனுங்க, உங்க பூச்சியெல்லாம் எங்க காட்டுல நிக்குதுங்க.”

“மேஞ்சிருச்சா?” என்றார் சௌந்திரம், எழுந்து நின்று.

“எங்கீங்க மேயுது? ஒவ்வொரு செடியா மோந்து பாத்துட்டுத் தள்ளிப் போயிருதுங்க. நேத்திலிருந்து ஒரு வாய் திங்கல. நம்ம மரவள்ளி என்ன அவ்வளவு கேவலமாங்க?” அவர் குரலில் பயத்தைவிட மனத்தாங்கல்தான் அதிகம் இருந்தது. “வேற ஏதோ செடியைத் தேடுதுங்க சாமி,” என்று அக்சிலியாவைப் பார்த்துச் சொன்னார். “பட்டினி கெடந்து எங்காட்டுல செத்தா எனக்குத்தாங்க பாவம்.”

அக்சிலியா புத்தகத்தை எடுத்து வந்து விரித்தாள். ஒவ்வொரு பூச்சியின் காலடியிலும் அது தின்னும் செடி வரைந்திருந்தது. சுவரில் அதை விட்டுவிடச் சொன்னவர் சௌந்திரம்தான். செடி வேறு துறை, பூச்சி வேறு துறை, நாளைக்குச் சண்டை வரும் என்று காரணமும் சொல்லியிருந்தார். பூச்சிகளைச் சாடியில் அடைத்துச் சீமைக்கு அனுப்பிய அந்தக் காலத்தில், செதுக்கியவருக்குச் செடி கிடைக்காமல் மனதிலிருந்தே போட்டிருக்க வேண்டும். இலை பாதி புளியைப்போல, பாதி ஆமணக்கைப்போல இருந்தது. எந்த ஊரிலும் முளைக்காத செடி. சரியா தப்பா என்று யோசிக்க அக்சிலியாவுக்கு நேரமில்லை. பத்து மணிக்குச் சுவரில் அந்தச் செடிகளை வரைய ஆரம்பித்தாள். தமிழரசு ரிக் லாரிக்கு வாங்கிய பச்சையைக் கொண்டுவந்து காம்புகளை இழுத்தார். நாலரை மணிக்கு ஏழாம் எண் வெட்டுக்கிளி வாசலில் வந்து நின்று, சுவரைப் பார்த்து, ஏறி, ஈரம் காயாத இலையைக் கடிக்கத் தொடங்கியது. வியாழக்கிழமை எட்டு மணிக்குள் இருபத்துமூன்று வந்துவிட்டன. கடைசி அந்துப்பூச்சி ஒன்பதே முக்கால் ஈரோடு பஸ்ஸில் வந்து இறங்கியது.

குழுவில் மூன்று பேர். தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவர் நெடுகப் பார்த்தார். இலைகளில் கால் பங்கு அதற்குள் தீர்ந்திருந்தது.

“இலை முடிஞ்சா யார் வரைவாங்க?” என்று கேட்டார். அவர் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

“அதுக்கு ஆள் இருக்குங்க,” என்றார் சௌந்திரம். சொன்ன பிறகுதான், அப்படி ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்தது. அக்சிலியாவின் பணி ஆணை அன்று மதியமே தட்டச்சானது.

திங்கட்கிழமைகளில் அக்சிலியா இலை வரைகிறாள். அது வியாழன் வரை வருகிறது, பரீட்சைக் காலத்தில் பூச்சிகளுக்கும் பசி கூடுவதால் புதனோடு சரி. புதிதாகச் சேரும் பிள்ளைகள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறார்கள். பங்குனியில் வெட்டுக்கிளிகள் சுவரின் கீழ்மூலையில் முட்டையிட்டன. பொரிந்த குஞ்சுகள் நிறமில்லாமல் வெறும் பென்சில் கோடுகளாக இருந்தன, மொத்தம் எழுபத்தொன்று. ஈஸ்டருக்கு எழுதிக் கொடுத்திருந்த விடுப்பை அக்சிலியா ஒரு வாரம் தள்ளி வைத்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதல் குஞ்சுக்கு வண்ணம் கொடுக்க ஆரம்பித்தாள்.