தொடுவதற்கு முன் ஒரு ‘ஆ’

நான் அவர் பாதத்தைத் தொடவே இல்லை. கையில் எண்ணெய் அதிகமாகிவிட்டதென்று துண்டில் துடைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் என் கணவர், "ஆ! மெதுவா டாக்டரம்மா, கிட்னி கழண்டுடப் போகுது" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பாதி சிரிப்பிலேயே அது நின்றுவிட்டது.

எங்கள் வீட்டு முன்னறைதான் என் தொழிற்கூடம். சாய்ந்து படுக்க ஒரு நாற்காலி, அதன் காலடியில் எனக்கொரு முக்காலி, வெந்நீர்த் தொட்டி, மடித்து அடுக்கிய துண்டுகள். சுவரில் இரண்டு பாதங்களின் படம். கட்டைவிரல் தலை, அதற்குக் கீழே நெஞ்சு, நடுவில் வயிறும் சிறுநீரகமும், குதிகால் இடுப்பு என்று நிறம் நிறமாகப் பிரித்திருக்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கும் கடைப் பெண்கள், தூக்கம் வராத ஆசிரியை, முதுகு பிடித்துக்கொண்ட தையல்காரர் என்று பலரும் வருவார்கள். கட்டைவிரலைப் புழு ஊர்வது போல மடக்கி நீட்டி, பாதம் முழுக்க அழுத்திக்கொண்டே போவேன். பாதி வழியிலேயே குறட்டை கேட்கும். நோயைக் குணப்படுத்துகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. உடம்பு இளகும், மனசு அடங்கும், நன்றாகத் தூங்குவீர்கள், அவ்வளவுதான் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இந்த வேலையை நான் கற்றதே என் கணவரின் பாதத்தில்தான். அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, பிள்ளைகளை அழைத்துவரக் கிளம்பும்வரை இந்த நாற்காலியில் சாய்ந்திருப்பார். நான் அழுத்த அழுத்த, சுவர்ப் படத்தைப் பார்த்துக் கத்துவார். "ஐயோ கல்லீரல்! பத்திரம், அது ஒண்ணுதான் இருக்கு!" வெளியே காத்திருப்பவர்களுக்குக் கேட்கும். உள்ளே வரும்போதே சிரித்துக்கொண்டு வருவார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். என் விரல் சரியான இடத்தில் விழுகிறது என்பதற்கு அவர் சத்தம்தானே அத்தாட்சி!

அன்றைக்குப் புதிதாகக் கண் பட்டைகள் வாங்கியிருந்தேன். தடித்த கறுப்புத் துணி, உள்ளே பஞ்சு. வருகிறவர்களுக்குக் கட்டிவிடுமுன் இவருக்குக் கட்டிப் பார்க்கலாமென்று நினைத்தேன். "என்ன, கடத்தப் போறியா? என்னைக் கடத்தி என்ன கிடைக்கும், பழைய டீசல் வாசனைதான்" என்றபடி தலையைக் கொடுத்தார்.

அதனால்தான் அவருக்கு என் கை தெரியவில்லை. நான் தொடாதபோது அவர் ‘ஆ’ என்றார்.

துண்டை மடியில் போட்டுவிட்டு, அவர் வலது பாதத்தின் நடுவில் விரல் முட்டியை வைத்து அழுத்தினேன். யாராக இருந்தாலும் காலை உதறிவிடும் இடம் அது. அவர் அமைதியாகப் படுத்திருந்தார். இன்னும் அழுத்தினேன். என் முட்டி வெளுத்தது. அவர் உதட்டில் அதே இளஞ்சிரிப்பு.

கையை எடுத்தேன்.

"ம்... அங்கதான், அங்கதான்" என்றார்.

சுண்டுவிரலின் நுனியை நகத்தால் கிள்ளினேன். ஒன்றுமில்லை. குதிகாலில் கிள்ளினேன். ஒன்றுமில்லை. கணுக்காலுக்கு மேலே போனதும்தான், "ஏய், கொசு கடிக்குது பாரு" என்று காலை இழுத்துக்கொண்டார்.

இத்தனை நாளும் நான் அவர் பாதத்தைப் பார்த்து அழுத்தியிருக்கிறேன். அவர் என் கட்டைவிரலைப் பார்த்துக் கத்தியிருக்கிறார்.

பட்டையை அவிழ்த்தேன். வெளிச்சத்துக்குக் கண் கூசி என்னைப் பார்த்தவர், என் முகத்தைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன?"

"கண்ணை மூடுங்க. எந்த விரலைத் தொடறேன்னு சொல்லுங்க."

"விளையாடறியா? நேரமாச்சு."

"சொல்லுங்க."

மூடினார். நடுவிரலைப் பிடித்தேன். "கட்டைவிரல்" என்றார். குரலில் இருந்த உறுதிதான் என்னைப் பயமுறுத்தியது. அடுத்த நொடி கண்ணைத் திறந்து என் கை இருக்கும் இடத்தைப் பார்த்தார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"கொஞ்சம் மரத்துப் போச்சு. உட்கார்ந்தே வேலை, அதான். எல்லா டிரைவருக்கும் இருக்கறதுதான்."

"இந்தக் காலாலதானே பிரேக் போடறீங்க?"

அவர் ஷூவை மாட்டிக்கொண்டார். நான் வாசலை மறித்து நின்றேன். "இன்னைக்கு வண்டி எடுக்க வேண்டாம். ஓனருக்குப் போன் பண்ணுங்க."

"பண்ணி? கால் மரத்துப் போச்சு சார்னா, சரிப்பா ரெஸ்ட் எடுன்னு சொல்வாரா? இன்னையோட வேலை போச்சு. லைசென்ஸும் போச்சு. அப்புறம் நான் என்ன பண்ணுவேன், உன் முக்காலியைத் தூக்கிப் போடவா?"

"நம்ம குட்டி அந்த வண்டியிலதாங்க வருவா."

"எனக்குத் தெரியாதா? எனக்கு முதுகுக்குப் பின்னாடிதானே உட்காருவா! கணுக்காலுக்கு மேல எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எவ்வளவு அமுக்கறேன்னு தொடை சொல்லும். எஞ்சின் சத்தம் சொல்லும். நான் காலால ஓட்டல, காதால ஓட்டறேன். போதுமா?"

அதைச் சமாதானம் என்று நினைத்துத்தான் சொன்னார். என்னை மெதுவாக ஒதுக்கிவிட்டு வெளியே போனார். எஞ்சின் உறுமியது. கதவைப் பூட்டினேனா இல்லையா என்றுகூட நினைவில்லை; ஓடிப்போய் அவர் பக்கத்து இருக்கையில் ஏறிவிட்டேன்.

"நல்லது. வா. வண்டி காலியாத்தானே போகுது, நீயே பார்த்துக்கோ" என்றார்.

பார்த்தேன். தெருவைப் பார்க்கவில்லை, அவர் வலது காலை மட்டும் பார்த்தேன். பின்னால் காலி இருக்கைகள் குலுங்கின. யாரோ விட்டுப் போன தண்ணீர் பாட்டில் ஒன்று திருப்பங்களில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை பிரேக் தேவைப்படும்போதும், அவர் கண் சாலையை விட்டு ஒரு கணம் கீழே போய்விட்டு வந்தது. கால் எங்கே இருக்கிறது என்று பார்த்து, அதை எடுத்து, வேறொரு பொருளை நகர்த்துவது போலப் பெடல் மேல் வைத்தார். வெளியில் நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

"பார்த்தியா? ஏதாவது ஆச்சா?"

நான் அவர் காலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பள்ளிக்கு முன்னால் ஒரு இறக்கம். அதன் அடியில் ஆட்கள் சாலையைக் கடக்கும் கோடுகள். சிவப்பு விளக்கு விழ, வேனை ஒழுங்காகத்தான் நிறுத்தினார். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி, இன்னொரு கையில் பையுடன் மெதுவாகக் கடந்துகொண்டிருந்தாள். பை கிழிந்திருக்க வேண்டும். நடுவில் நின்று, குனிந்து எதையோ பொறுக்கினாள்.

"நீ வீணா பயப்படறே" என்று அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். "உனக்கு எப்பவும் இதே பழக்கம். குட்டி தும்மினாலே..."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஷூ நுனி பெடலின் ஓரத்துக்கு வந்ததைப் பார்த்தேன். ஓரத்திலிருந்து நழுவியதையும் பார்த்தேன். வண்டி சத்தமே இல்லாமல் நகர ஆரம்பித்தது. அவர் இன்னும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் பிரேக்கை அழுத்திக்கொண்டுதான் இருந்தார். முன்கண்ணாடியில் அந்தப் பெண்ணின் குனிந்த முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. தோளில் இருந்த குழந்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏங்க! வண்டி!"

கத்திக்கொண்டே இரண்டு கையாலும் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். வேன் ஒரு உலுக்கு உலுக்கி நின்றது. என் நெற்றி முன்கண்ணாடியில் இடித்தது. அந்தப் பெண் நிமிர்ந்தபோது அவளுக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடமில்லை.

வேனின் மூக்கில் ஓங்கி அறைந்தாள். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? பொண்டாட்டிகூட கதை பேசணும்னா வீட்டுல உட்கார்ந்து பேசேன்யா!" திட்டிக்கொண்டே குழந்தையை இறுக அணைத்தபடி போய்விட்டாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பெடலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.

"நான் அமுக்கிட்டுதானே இருந்தேன்" என்றார். "சத்தியமா. அமுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் பயந்து நான் பார்த்ததில்லை. குட்டி பிறக்கும்போது ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் தைரியம் சொன்னவர் அவர். இப்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கவே அவருக்கு இரண்டு கை தேவைப்பட்டது.

பின்னால் ஹாரன்கள் அலறின. நான் இறங்கி, நடந்துபோனவர்களைக் கூப்பிட்டேன். நாலைந்து பேர் வந்து தள்ள, அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்க, நான் ஹேண்ட் பிரேக்கில் கையை வைத்தபடி கூடவே இருக்க, வேன் ஓரம் கட்டியது. "பேட்டரியா?" என்று தள்ளியவர்களில் ஒருவர் கேட்டார். அவர்கள் போனதும் நான் இவர் பக்கம் திரும்பினேன்.

"எப்பலேருந்து?" என்று கேட்டேன்.

"தெரியலம்மா. ஒருநாள் கடையிலிருந்து நடந்து வந்தேன். வீட்டு வாசல்ல பார்த்தா ஒரு கால்ல செருப்பு இல்ல. எங்க விழுந்ததுன்னே தெரியல. அப்போ எனக்கே சிரிப்பு வந்துச்சு."

"என்கிட்ட ஏன் காலைக் குடுத்தீங்க? வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பே." பிறகு, "நான் கத்தினா உன் முகம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது" என்றார்.

எனக்கு அடுத்த கேள்வியைக் கேட்கவே பயமாக இருந்தது. அவருக்குச் சர்க்கரை இருப்பது கல்யாணமான சில வருஷங்களிலேயே தெரிந்தது. மாத்திரை டப்பா சமையலறை அலமாரியில்தான் இருக்கும். அதைத் திறந்து பார்க்க வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"மாத்திரை போடறீங்கதானே?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"ஏங்க!"

"உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு. உன்கிட்ட வர்றவங்க சொல்றாங்களே, உங்க கை பட்டதுக்கப்புறம் சுகர் இறங்கிடுச்சுன்னு. தினமும் எனக்கு அந்தக் கை படுதே, அப்புறம் மாத்திரை எதுக்குன்னு..."

"அவங்க மாத்திரையும் போட்டுட்டு வர்றாங்க!" என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "நான் அமுக்கறது நல்லா தூங்கறதுக்குத்தாங்க. ஊருக்கெல்லாம் சொன்னேனே, உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சொன்னதை வீட்டில் சொல்ல வேண்டுமென்று யாருக்குத் தோன்றும்?

பள்ளி மணி அடித்தது. அவர் போனை எடுத்து, ஓயாமல் ஹாரன் அடிப்பதால் ‘ஹாரன்’ என்றே பெயராகிவிட்ட இன்னொரு வேன் டிரைவரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ள, என் பசங்களையும் இன்னைக்கு நீ ஏத்திக்கணும். நான் இறக்கத்துல நிக்கறேன்."

"அந்தக் கட்டவண்டி படுத்துடுச்சா? நான்தான் அப்பவே சொன்னேனே, ஓனர்கிட்ட சொல்லி அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போடச் சொல்லுன்னு!"

‘ஆமா மாப்ள’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்குக் காலையில் வண்டி சரியாகிவிடும், அவர் மறுபடி ஏறி உட்காருவார், குட்டி அவர் முதுகுக்குப் பின்னால் உட்காருவாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. அவர் வாயிலிருந்து வர வேண்டியது அது.

"வண்டி நல்லா இருக்கு மாப்ள. எனக்குத்தான் கால் சரியில்ல. பிரேக் மேல கால் இருக்கா இல்லையான்னு தெரியல."

அந்தப் பக்கம் முதல்முறையாகச் சத்தமே இல்லை. பிறகு, "சரி. நீ சாவியைத் தொடாம அப்படியே இரு. வர்றேன்" என்றார் ஹாரன்.

ஓனரிடமும் அதையே சொன்னார். ஓனர் நிறையக் கேட்டார். எத்தனை நாளாக, ஏன் மறைத்தாய், ஏதாவது நடந்திருந்தால் யார் பதில் சொல்வது. இவர் "ஆமா சார், தப்புதான் சார்" என்று மட்டும் சொன்னார். வேலை என்ன ஆகும் என்று ஓனர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

ஹாரனின் வேன் இரண்டு வண்டிப் பிள்ளைகளோடு பிதுங்கிக்கொண்டு வந்து நின்றது. நாங்கள் இறங்கி அதன் பக்கத்தில் போய் நின்றோம். ஜன்னலில் பல தலைகளுக்கு நடுவே எங்கள் குட்டியின் முகம்.

"அப்பா, ஏன் நீ ஓட்டல?"

"அப்பாவுக்குக் கால்ல கொஞ்சம் பிரச்சினைடா. அம்மாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடறோம். நீ மாமாகூட வீட்டுக்குப் போ. பக்கத்து வீட்டு ஆன்ட்டிகிட்ட இரு."

குட்டி ஜன்னல் வழியாக எட்டி அவர் காலைப் பார்த்தாள். ரத்தம் இல்லை, கட்டு இல்லை.

"ரொம்ப வலிக்குதாப்பா?"

என் கை அவர் முழங்கைக்குப் போனது.

"இல்லடா செல்லம்" என்றார். "வலிக்கவே இல்ல."

"அப்போ சரி" என்று சிரித்துவிட்டு அவள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேன் கிளம்பியது. சாலைத் திருப்பத்தில் அது மறையும்வரை அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.