மேளத்தில் எழுதிய பெயர்

கேதீஸ்வரிக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, வேலைதான் வரும். அன்று விடியற்காலை சின்ன லொறியில் மேளங்களை ஏற்றியபோது ஒவ்வொன்றையும் இரண்டு தரம் கயிறு போட்டுக் கட்டினாள். பிறகு அதையும் அவிழ்த்து மூன்றாம் தரம் கட்டினாள். தம்பி ரதீஸ் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான். அந்த நேரத்தில் அக்காவிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

அவ்வளவு கோபமும் ஒரு ஸ்டிக்கரின் மேல்.

நாவற்குடாப் பட்டறை அவர்களுடைய அப்பா வல்லிபுரம் தொடங்கியது. கோயில் மேளமும் செத்தவீட்டுப் பறையும் அங்கேதான் செய்தார்கள். அடிக்க ஆளும் அங்கிருந்துதான் போகும். பாடசாலைகள் பாண்ட் மேளத்துக்குக் கொழும்புக்கு ஓடுவதைப் பார்த்து, "மேளம் எங்கட வேலை, இதுக்கு என்னத்துக்குக் கொழும்பு?" என்று கேட்டவள் கேதீஸ்வரி. ஒன்றரை வருடம் தகரத்தோடும் திருகாணியோடும் மல்லுக்கட்டினாள். கடைசியில் வாவிக்கரைப் பாடசாலை ஒன்றின் அதிபர் கனகசூரியம் முதல் ஓடரைக் கொடுத்தார். பத்துச் சின்ன மேளம், ஒரு பெரிய மேளம். பதினொன்றின் வயிற்றிலும் அவள் தன் கையாலேயே எழுதினாள்: வல்லிபுரம், நாவற்குடா.

பிள்ளைகள் நாலு இல்லமாகப் பிரிந்து மோதும் அன்றைய இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அக்கம்பக்கத்து அதிபர்மார் எல்லாரும் வருவார்கள். சத்தத்தைக் கேட்பார்கள், பெயரைப் பார்ப்பார்கள், அடுத்த ஓடர் வரும். அவள் நம்பியிருந்தது அதை மட்டும்தான்.

இரண்டு நாளைக்கு முன் அதிபரின் ஃபோன் கோல் வந்தது.

"மேளம் திறம், தங்கச்சி. ஆனா தாய் தகப்பன்மார் சிலபேர் கதைக்காங்க. செத்தவீட்டு மேளம் செய்யிற இடத்தில செஞ்சத எங்கட பிள்ளையள் தோளில போடுறதா எண்டு கேக்காங்க. பள்ளிக்கூடச் சின்னம் ஸ்டிக்கர் அனுப்புறன், அந்தப் பேருக்கு மேல ஒட்டி விடுங்க."

சத்தம் வேண்டும், பெயர் வேண்டாமாம். ஆடு பகை, குட்டி உறவு. மாட்டேன் என்றால் பதினொரு மேளமும் திரும்பி வரும். ஒட்டினாள். ஒட்டிய கையை அன்றைக்கு எத்தனை தரம் கழுவினாள் என்பது அவளுக்கே தெரியாது.

மைதானத்தில் பனி இறங்கிக் கிடந்தது. மேளங்களை இறக்கிவிட்டு, ஒப்படைத்த கடதாசியில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது புகை மணத்தது. ரதீஸ் லொறியில் மேளங்களுக்கு அடியில் விரித்திருந்த வைக்கோலைக் கொளுத்தி, பெரிய மேளத்தை அதற்கு மேல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்னடா செய்யிறாய்?"

"தட்டினாத் தொப்பெண்டு சத்தம் கேட்டிச்சு அக்கா. பனிதானே. காய்ச்சினன்."

பத்து வயதிலிருந்து பறை அடிக்கிறவன். பனியில் தோல் தளரும், நெருப்பில் காட்டினால் இறுகும். புத்தியைக் கேட்காமலே கை அந்த வேலையைச் செய்துவிட்டது. இது தோல் இல்லை, பிளாஸ்டிக். பெரிய மேளத்தின் முகம் சுட்ட அப்பளமாய்ச் சுருண்டு, நடுவில் ஓட்டையும் விழுந்திருந்தது.

"திருகாணிய இறுக்கினாச் சரி எண்டு எத்தின தரம் சொன்னன்? காதில என்னடா வெச்சிருந்த நீ?"

ஓங்கிய கையை அவள் இறக்குவதற்குள் கனகசூரியம் வந்து சேர்ந்தார். மேளத்தைப் பார்த்தார், வைக்கோல் சாம்பலைப் பார்த்தார்.

"இதுக்குத்தான் அவங்க சொன்னாங்க. உங்கட ஆக்களுக்குப் பறைய விட்டா வேற என்ன தெரியும்?"

ரதீஸின் தலை இன்னும் தாழ்ந்தது. அந்தத் தலையைப் பார்த்ததும் கேதீஸ்வரிக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பற்றி எரிந்தது. தம்பியை ஏசத் தனக்கு உரிமை உண்டு. இந்த மனிசனுக்கு யார் கொடுத்தது?

"இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு சேர்?"

"முக்கால் மணித்தியாலம். என்ன செய்யப் போறீங்க?"

அவள் லொறிக்கு ஓடினாள். பிளாஸ்டிக் முகங்கள் வரப் பிந்திய நாட்களில், அளவு பார்ப்பதற்காக வளையத்தில் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல் ஒன்று எதற்கும் கிடக்கட்டும் என்று லொறியில் கிடந்தது. அதை எடுத்து வந்தாள். எட்டுத் திருகாணியையும் கழற்றி, எரிந்ததை வீசி, தோலைப் பூட்டினாள். தட்டிப் பார்த்தாள். பனிக்குத் தொய்ந்துபோய் இருந்தது.

"ரதீஸ், வைக்கல அள்ளிக்கொண்டு வா. இப்பக் காய்ச்சு."

அதிபர் பதறிப்போனார். "தங்கச்சி, ஆக்கள் பாக்காங்க. அந்தக் கக்கூஸுக்குப் பின்னால கொண்டு போய்ச் செய்யுங்க."

"செய்யிற வேலைக்கு ஒளிக்கத் தேவையில்ல சேர்."

விருந்தினர் பந்தலுக்கு நேர் எதிரே நெருப்பு எரிந்தது. ரதீஸ் மேளத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டினான், தட்டினான், காதைக் கொடுத்தான், மறுபடியும் காட்டினான். இந்தத் தரம் அவன் கை பிழைக்கவில்லை. சூட்டில் ஸ்டிக்கரின் ஓரம் மெல்லக் கிளம்பியது. கேதீஸ்வரி அதை நகத்தால் பிடித்து ஒரே இழுப்பில் உரித்தாள். பிறகு வரிசையாகப் போய் மற்றப் பத்தையும் உரித்தாள். அதிபர் வாயைத் திறந்த நேரம் வலயக் கல்விப் பணிப்பாளரின் வாகனம் கேற்றுக்குள் நுழைந்தது. மாலையும் கையுமாக அங்கே ஓடினார்.

பெரிய மேளத்தை நிருஷா என்ற பிள்ளை தோளில் மாட்டினாள். முதல் அடி விழுந்ததும் பந்தலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். நெஞ்சுக்குள் போய் விழும் சத்தம் அது. நாலு இல்லத்துப் பிள்ளைகளின் கால்களும் அந்தச் சத்தத்துக்கு ஒன்றாய் நிலத்தில் பட்டன. ரதீஸ் அழுதான். "அழாத, திருகாணியப் பொறுக்கு" என்றாள் கேதீஸ்வரி.

அணிநடை முடிந்ததும் பணிப்பாளர் பாலசுந்தரி மேளங்கள் இருந்த இடத்துக்கே வந்தார். பின்னால் கனகசூரியம்.

"நல்ல மேளம். வல்லிபுரம் எண்டு போட்டிருக்கு. ஆர் அது சேர்?"

"அது மிஸ்... எங்களுக்குப் பழக்கமில்லாத ஆக்கள். ஆரோ சொல்லித்தான் எடுத்தம்."

கேதீஸ்வரி ஐந்தடி தள்ளித்தான் நின்றாள். போன மாசியில் இந்த மனிசனின் தகப்பன் செத்தபோது விடிய நாலு மணிக்கு அவளுக்குத்தான் கோல் எடுத்தவர். இரண்டு நாள் அந்த முற்றத்தில் ரதீஸ் நின்று அடித்தான். பழக்கமில்லையாம்.

அவள் தன் ஃபோனை எடுத்து அவருடைய நம்பரை அழுத்தினாள். அதிபரின் கையிலிருந்த ஃபோன் மணியடித்தது. திரையைப் பார்த்தவர் அதைச் சட்டென்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"எடுங்க சேர், அவசரமா இருக்கும்" என்ற பணிப்பாளர், அதிபர் ஃபோனைத் தாழ்த்தியபோது எட்டிப் பார்த்தார். கேதீஸ்வரியும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அவளுடைய பெயர் அங்கே இல்லை, அப்பாவின் பெயரும் இல்லை. 'செத்தவீட்டு மேளம்' என்று இருந்தது.

ஒரு வருடமாக இந்தப் பெயரைப் பார்த்துத்தான் "தங்கச்சி" என்று கதைத்திருக்கிறார்.

பணிப்பாளர் அதிபரைப் பார்த்தார், மேளத்தைப் பார்த்தார், பிறகு கேதீஸ்வரியின் கையில் இருந்த ஃபோனைப் பார்த்தார்.

"பேர்தான் மேளத்தில எழுதிக் கிடக்கே சேர். அதப் பாத்து உங்கட ஃபோனிலயும் எழுதுங்க. அதுக்குப் பிறகு அடுத்த ஓடரக் கதைப்பம்" என்றாள் கேதீஸ்வரி.

அதிபரின் கையில் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கோலை வெட்டவில்லை.