வெள்ளை மோடம், கறுப்பு மோடம்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் திருப்பதி நடத்திய இன்டர்நெட் கடையில் இரண்டே கம்ப்யூட்டர். ஒன்றுக்கு டெலிபோன் லைனில் இன்டர்நெட் பிடித்துத் தரும் கறுப்பு மோடம், மற்றதுக்கு வேறு கம்பெனியின் வெள்ளை மோடம். கறுப்பு ஆடி அசைந்துதான் லைன் பிடிக்கும், பிடித்துவிட்டால் உடும்புப்பிடி. வெள்ளையின் அட்டையில் ‘அதிவேகம்’ என்று போட்டிருந்தது, வேகம் அட்டையோடு சரி. மலையில் தூறல் விழுந்தாலே லைனைக் கைவிட்டுவிடும். சீக்கிரம் சூடேறியும் போகும். பாவம், திருப்பதி தன் மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டு வேர்த்துக்கொண்டிருப்பார்.

இந்தத் தரத்தை ஊருக்குச் சொன்னவளே மகாராணிதான். ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவளுக்குச் சொத்தையை ஒதுக்கச் சொல்லியா தர வேண்டும்? அவள் புருஷன் முத்துப்பாண்டி குவைத்தில் லாரி ஓட்டினான். அவன் அனுப்பும் மெயிலை ஞாயிறுதோறும் வந்து படிப்பாள். கறுப்பில் ஆள் இருந்தால் எவ்வளவு நேரமானாலும் காத்திருப்பாளே தவிர, வெள்ளையைத் தொடமாட்டாள்.

அந்த ஞாயிறு கடைக்கு வரவே அவளுக்குப் பயமாக இருந்தது. இராக்கில் சண்டை நடந்த சமயம். குவைத்திலிருந்து எல்லை தாண்டிப் போன லாரிகளை மறித்துச் சுட்டுவிட்டார்கள் என்று வியாழக்கிழமை டிவியில் சொன்னார்கள். எந்தக் கம்பெனி லாரி, எந்த ஊர் ஆட்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. முத்துப்பாண்டியின் நம்பருக்கு அடித்து அடித்து விரல் நொந்ததுதான் மிச்சம்.

“வாத்தா, கறுப்பு சும்மாதான் கெடக்கு” என்று திருப்பதி நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“இல்லண்ணே, வெள்ளையில உக்காந்துக்கிர்றேன்.”

“அதுதான் கோளாறு புடிச்சதாச்சே. மேக்க வேற இருட்டிக்கிட்டு வருது.”

“இருக்கட்டும்ணே.”

போடிமெட்டு மலையில் மேகம் இறங்கியதை அவளும் பார்த்துத்தான் வந்தாள். சொல்லப்போனால் அதை நம்பித்தான் வந்தாள். லைன் கிடைக்காவிட்டால் கெட்ட செய்தியும் கிடைக்காது. அடுத்த ஞாயிறு வரை அவன் உயிரோடு இருப்பான். பைத்தியக்காரத்தனம்தான். பயந்து கிடப்பவளிடம் போய் யார் நியாயம் பேசுவது?

மோடம் கீச்சிட்டது. அறுந்துபோகணும் சாமி என்று வேண்டினாள். ஒரு நாளும் இல்லாத திருநாளாக, முதல் தடவையிலேயே லைன் பிடித்துக்கொண்டது. வெளியே மழை கொட்டத் தொடங்கியும் விடவில்லை. பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. புதிதாக ஒரே ஒரு மெயில். அனுப்பியது முத்துப்பாண்டி இல்லை. அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த பாண்டியராஜ். அதுவரை அவளுக்கு ஒரு வரிகூட எழுதாதவன்.

அவள் அதைத் திறக்கவில்லை. மேசைக்கு அடியில் கைவிட்டு டெலிபோன் ஒயரை உருவினாள். லைன் போன பிறகும் அந்தப் பெயர் திரையில் அப்படியே நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

“என்னாத்தா, லைன் போச்சா?”

“போயிருச்சுண்ணே. இது எப்பவும் இப்படித்தான.”

“அப்பவே சொன்னேன்ல. எந்திரி, கறுப்புல போட்டுத் தர்றேன். இடியே விழுந்தாலும் அது விடாது.”

அவள் உருவிய ஒயரை விடாமல் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தாள். பக்கத்து மேசையில் கறுப்பு மோடம் நிதானமாக டயல் செய்யத் தொடங்கியது.