பணிவாகக் கேட்பது எப்படி

சமூக அறிவியலில் தொழிலாளர் உரிமைப் பாடம் வந்தபோது, படித்தால் மட்டும் போதாது, பழக வேண்டும் என்றாராம் டீச்சர். வீட்டில் வேலைக்குப் போகிறவர் ஏதாவது ஒரு உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். பிள்ளைகள் அதற்குப் பயிற்சி தர வேண்டும். என் மகள் அவளுடைய அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். அவர் உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கிடையாது.

சமையலறையில் அவள் சூப்பர்வைசராக நின்றாள்.

"தலையச் சொறியாதீங்கப்பா. கண்ணப் பார்த்துப் பேசுங்க."

"உன்னப் பார்த்தா சிரிப்பு வருதே."

"என்ன வேணும், ஏன் வேணும், அவ்வளவுதான். குரல் உயரக் கூடாது."

மறுநாள் மாலை அவர் பெல்ட்டோடு வந்தார். பஸ்ஸில்கூடக் கழற்றவில்லையாம்.

"கேட்டேன், தூக்கிக் குடுத்துட்டான்!"

மகள் அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "இதுல மாட்டுற கயிறு எங்கப்பா?"

அவர் முகம் சுருங்கியது. "நாளைக்கு அதையும் கேக்குறேன், டீச்சரம்மா."

கேட்டார். கூட வேலை செய்தவர்தான் பிறகு எனக்குச் சொன்னார். சூப்பர்வைசர் எல்லோரையும் கூப்பிட்டு வேடிக்கை காட்டினானாம். "நேத்து பெல்ட்டு, இன்னைக்குக் கயிறு. நாளைக்குத் துரைக்குக் கீழ மெத்தை போடணுமா?" சாரத்தின் உச்சித் தட்டுக்கு அவரைத்தான் ஏற்றினான். பலகை மழையில் ஊறியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே விழுந்துவிட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த வாரம் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்தார். கூடவே சூப்பர்வைசரும் வந்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மகளை முன்னால் நிறுத்தினான்.

"பாப்பா, நீ பொய் சொல்லாத பொண்ணு. அப்பாவுக்கு நாங்க பெல்ட் குடுத்தோமா, இல்லையா?"

"குடுத்தீங்க. ஆனா கயிறு..."

"போதும்டா கண்ணு. கேட்டதுக்குப் பதில் சொல்லிட்ட." அதிகாரியிடம் திரும்பினான். "பெத்த பொண்ணே சொல்லுது சார். ஒழுங்கா மாட்டாம விட்டது அவரு தப்பு."

"கயிறே குடுக்கலைங்க" என்றேன்.

"நீங்க அங்க இருந்தீங்களாம்மா?" என்று கேட்டபடியே அதிகாரி எழுந்துகொண்டார்.

மகள் என் கையை உதறிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். அக்கம்பக்கத்துக் கதவுகளெல்லாம் திறக்கும்படி கத்தினாள். "கயிறு குடுக்கல! கேட்டாரு, நீ குடுக்கல!"

காரில் ஏறிவிட்ட சூப்பர்வைசர் கண்ணாடியை இறக்கி, அவளைத் தாண்டி என்னைப் பார்த்துச் சொன்னான்:

"பெரியவங்ககிட்ட எப்படிப் பேசணும்னு பொண்ணுக்குக் கத்துக் குடுங்கம்மா."