மழைப் போத்தல்

சீலா டீச்சர் கெட்டிக்காரி என்பதை அவளுடைய எதிரிகூட மறுக்கமாட்டான். கெட்டிக்காரத்தனம் இருந்து என்ன பிரயோசனம், அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுக்குப் பின்னால் வந்ததுகள், கரும்பலகையில் நாலு வரி எழுதிப்போட்டுக் கதிரையில் தூங்குகிற சென்மங்கள், எல்லாம் நிரந்தரமாகிச் சம்பள உயர்வும் வாங்கிவிட்டன. இவள் மட்டும் தற்காலிக ஆசிரியை. மேலே இருந்து ஓர் அதிகாரி வந்து, வகுப்பைப் பார்த்து, நல்லபடி எழுதிக் கொடுத்தால்தான் விடிவு. வருவதாகச் சொன்னவர்களோ துறைமட்டும் வந்து, பாதை அக்கரையில் நிற்கிறது என்றவுடன் திரும்பிப் போய்விடுவார்கள். பாதை என்றால் ரோட்டு அல்ல. ஆளையும் மாட்டையும் லொறியையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கிண்ணியாத் துறையைக் கடக்கிற தட்டைப் படகு. சீலா திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் பஸ் ஏறி, பிறகு அந்தப் பாதை ஏறித்தான் தினமும் பாடசாலைக்குப் போய்வந்தாள்.

போகாமல் முடியுமா? அவளுடைய அப்பா கடற்படைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். வெள்ளைக்காரன் மூட்டை கட்டியதோடு அவருடைய வேலையும் போயிற்று, அந்த யோசனையிலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். அம்மா திரேசம்மாவுக்கு இளைப்பு. அரிசி கிடைக்காமல், ஒரு றாத்தல் பாணுக்கு விடியமுதலே வரிசையில் நின்று இடிபட்ட எழுபத்து நாலாம் ஆண்டு அது. இந்த முறையும் நிரந்தரமாகாவிட்டால் தற்காலிகப் பட்டியலில் இருந்தே பெயரை வெட்டிவிடுவார்கள் என்று கல்விக் கந்தோரில் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள்.

ஆனாலும் வகுப்புக்குள் கால் வைத்துவிட்டால் இந்தக் கவலையெல்லாம் அவளுக்கு மறந்துபோகும். அரசாங்கம் அப்போதுதான் புதுப் பாடத்திட்டம் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகள் பாடமாக்கக் கூடாது, செய்து பார்த்துப் படிக்க வேண்டும் என்று. மற்ற ஆசிரியர்கள், "பாடமாக்கியே ஒண்டும் ஏறல்ல, இனிச் செஞ்சி வேற பாக்கப் போகுதுகளாம்" என்று சிரித்தார்கள். சீலாவுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. அவளுடைய நாலாம் வகுப்பு ஒரு கிடுகுக் கொட்டில். பாதிப் பிள்ளைகளுக்குத்தான் மேசையும் உட்கார வாங்கும். அதற்குள் சிரட்டையில் பயறு முளைத்தது. உப்புத் தண்ணீரில் முட்டை மிதந்தது. கடல் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர் மூன்றையும் தனித்தனித் தகர மூடிகளில் வெயிலில் காயவைத்து, எதில் எவ்வளவு உப்பு மிஞ்சுகிறது என்று பிள்ளைகள் மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார்கள். "நான் சொன்னால் நம்பவேண்டாம் பிள்ளையள், போய்ப் பாத்திட்டு வந்து சொல்லுங்கோ" என்பாள் சீலா. டீச்சரையே நம்ப வேண்டாம் என்று சொல்லுகிற டீச்சரை அந்தப் பிள்ளைகள் எங்கே கண்டார்கள்! அவள் என்றால் உயிரை விட்டார்கள்.

அதிலும் மைமூனா. தோணிக்கார அபூதாஹிரின் நடுப் பிள்ளை. சட்டைக்குக் கையில் ஒரு கிழிசல், தலையில் ஒரு கைப்பிடி எண்ணெய். ஒரு பொருளைக் கொடுத்தால் தட்டிப் பார்ப்பாள், மணந்து பார்ப்பாள், விட்டால் கடித்தும் பார்ப்பாள். கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இப்படி ஒரு பிள்ளை கிடைக்க ஓர் ஆசிரியை கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் தவணைக்கு ஆசிரியர் கைந்நூலில் இருந்த பாடம், 'மழையை அளப்போம்.' அதை எழுதிய புண்ணியவான் கொழும்பில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதியிருக்க வேண்டும். அங்கே வைகாசி ஆனியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். திருகோணமலையிலோ அந்த மாதங்களில் கச்சான் காற்று கன்னத்தில் அறையும், மாடு மேய ஒரு புல் இருக்காது, கிணற்றில் வாளி தரை தட்டும். மழை வருவது கார்த்திகையில். இதெல்லாம் கொழும்பாருக்கு யார் சொல்வது? சொன்னால்தான் கேட்கவா போகிறார்கள்?

சீலா அதற்காகப் பாடத்தை விடவில்லை. மண்ணெண்ணெயில் நனைத்த நூலைப் போத்தலைச் சுற்றிக் கட்டிக் கொளுத்தி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தினாள். போத்தல் 'டிக்' என்று வெட்டுப்பட்டது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். வெட்டின மேல்பாகத்தைக் கவிழ்த்துப் புனலாக வைத்து, முற்றத்து மணலில் புதைத்தார்கள். மழைப் போத்தல் ஆயிற்று. பொறுப்பாளி மைமூனா. ஒவ்வொரு காலையும் ஓடிப் போய்ப் பார்த்து, "ஒண்டுமில்ல டீச்சர்" என்று வந்து, சுவரில் தொங்கிய காகித மட்டையில் ஒரு பூச்சியம் போடுவாள். மட்டை முழுக்கப் பூச்சியம். "ஒண்டுமில்லை எண்டதும் ஒரு அளவுதான்" என்று சீலா சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு புதினமாக இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. சிவகுருநாதன் என்று புதியவர், பாதைக்கெல்லாம் பயந்தவர் இல்லையாம். நாலாம் வகுப்பில் மழைப் பாடத்தைத்தான் பார்க்கப்போகிறாராம்.

பாடசாலை அதிபர் ஸெய்னுதீன் சீலாவைக் கூப்பிட்டார். மனிதர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கிடுகுக் கொட்டிலை இடித்துவிட்டுக் கல்லுக் கட்டடம் கட்ட வேண்டும் என்று கந்தோர் கந்தோராக ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்த மனிதர்.

"டீச்சர், வெறும் போத்தலக் காட்டி என்னத்த அளக்கப் போறீங்க?"

"மழை இல்லை எண்டு அளந்திருக்கிறம் சேர். மட்டையைப் பாருங்கோ."

"பூச்சியத்தப் பாக்கவா அவர் கடல் கடந்து வாறார்? போன மாசம் ஒரு பள்ளிக்கூடத்தில பாடம் முடிக்கல்ல எண்டு எழுதிட்டுப் போயிட்டாங்க. எழுத்தில விழுந்தா விழுந்ததுதான். எனக்குக் கட்டடம் போகும். உங்களுக்கு என்ன போகும் எண்டு நான் சொல்லவும் வேணுமா?" குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு விரக்கட தண்ணி. அவ்வளவுதான். ராவைக்கு ஒரு பாட்டம் மழ அடிச்சிது எண்டு நான் சொல்லிக்கிறன்."

சீலா மாட்டேன் என்றாள். பிறகு பேசாமல் நின்றாள். பேசாமல் நிற்கிறவர்கள் பாதி சம்மதித்தவர்கள் என்று அதிபருக்குத் தெரியும். அவர் வேறு கதை தொடங்கிவிட்டார்.

அதிகாரி வருகிற அன்று அவள் முதல் பாதையிலேயே வந்துவிட்டாள். முற்றத்தில் ஒரு குருவி இல்லை. கிணற்றில் வாளியை விட்டாள், ஒரு பேணியில் அள்ளினாள், போத்தலுக்குள் ஊற்றினாள். சனியனே, இவ்வளவுதானே, ரெண்டு விரற்கடைத் தண்ணீர், இதற்குப் போய் ஏன் சுற்றுமுற்றும் பார்க்கிறாய் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

சிவகுருநாதன் கண்ணாடி போட்ட மெல்லிய மனிதர். கடைசி வாங்கில் போய்ப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். பயறைப் பார்த்தார், தகர மூடிகளில் மிஞ்சிய உப்பைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. சீலாவுக்கு நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கடைசியாக மட்டைக்கு வந்தார்.

"இண்டைக்கு இன்னும் எழுதேல்லையோ?"

அதிபர் முந்திக்கொண்டார். "ராவைக்கு இந்தப் பக்கம் ஒரு பாட்டம் மழ சேர். பிள்ளைகள் உங்களுக்கு முன்னால அளக்கட்டும் எண்டு வெச்சிருக்கம்."

"அப்பிடியோ? டவுனிலை ஒரு துளியும் இல்லையே. சரி, அளக்கட்டும்."

மைமூனா எழும்பி ஓடினாள். யன்னலால் எல்லாரும் பார்த்தார்கள். போத்தலுக்குப் பக்கத்தில் முழந்தாளில் இருந்தாள். புனலை எடுத்துவிட்டு அடிமட்ட அளவுகோலை உள்ளே விட்டாள். பிறகு உடனே வரவில்லை. போத்தலைச் சுற்றி மணலுக்குள் விரலை விட்டுத் தோண்டினாள். வானத்தைப் பார்த்தாள். விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தாள். ஆண்டவரே, அந்தப் பிள்ளையை அங்கேயே நிற்பாட்டிவிடு என்று சீலா மன்றாடினாள்.

பிள்ளை முகமெல்லாம் வெளிச்சமாக ஓடி வந்தது.

"சேர், இது மழத் தண்ணி இல்ல!"

"என்ன?"

"ரா மழ பேஞ்சிருந்தா சுத்தி மணல் நனஞ்சிருக்கணும். தோண்டிப் பாத்தன், காஞ்சிதான் இரிக்கி. தண்ணி கரிக்கிது சேர். மழத் தண்ணி கரிக்காது. இது எங்கட கிணத்துத் தண்ணி. ஆரோ ஊத்தி இரிக்காங்க." சொல்லிவிட்டு அவள் சீலாவைத் திரும்பிப் பார்த்தாள். சரியாகச் செய்துவிட்டேன்தானே டீச்சர் என்று கேட்கிற பார்வை.

சரியாகத்தான் செய்தாள்! நாலு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றச் சீலா படிப்பித்ததெல்லாம் அந்த ஒரு பிள்ளையிடம் அப்படியே வந்து நின்றது. ஓடிப் போய்க் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டிய நேரம். அவள் அசையவில்லை.

அதிகாரியின் முகம் இறுகிவிட்டது. "ஆர் ஊத்தினது?" என்று கேட்டார். பிள்ளைகளைக் கேட்கவில்லை. அதிபரைப் பார்த்தார். அதிபர் சீலாவைப் பார்த்தார். அந்த ஒரு கணத்துக்குள் சீலா எதையெல்லாம் கண்டாளோ, பாண் வரிசையைக் கண்டாளோ, அம்மாவின் இளைப்பைக் கண்டாளோ, வெட்டின பெயரைக் கண்டாளோ. வாய் தானாகத் திறந்தது.

"போத்தலுக்குப் பொறுப்பு மைமூனாதான் சேர். நீங்கள் வாறீங்கள் எண்ட ஆசையில பிள்ளை ஊத்தியிருக்கும்."

சிவகுருநாதன் சிரித்தார். கோபம் போன நிம்மதிச் சிரிப்பு. "அடி கள்ளி! நீயே ஊத்திப்போட்டு நீயே கண்டுபிடிச்சனியோ!" வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதிகாரி சிரித்தால் சிரிக்கத்தானே வேண்டும்.

"நான் ஊத்தல்ல சேர்" என்றாள் மைமூனா. சீலாவைப் பார்த்தாள். சீலா கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள்.

"பொய்க்கு மேல பொய் சொல்லக் கூடாது பிள்ளை." அவர் அன்பாகத்தான் சொன்னார், அதுதான் கொடுமை. "மழை இல்லையெண்டால் இல்லை எண்டு காட்டினாக் காணும். வெறும் போத்தலைக் கண்டிருந்தால் நான் இன்னும் சந்தோசப்பட்டிருப்பன். அதுதான் விஞ்ஞானம். உங்கட டீச்சர் எவ்வளவு பாடுபட்டுச் சொல்லித் தந்திருக்கிறா. போய் மன்னிப்புக் கேள்."

மைமூனா வந்தாள். சீலாவின் சேலைத் தலைப்புக்கு முன்னால் நின்று, "மன்னிச்சிக்கங்க டீச்சர்" என்றாள். சீலா, "சரி, போய் இரு" என்றாள். மாதாவே, அந்த நாக்கு அழுகிப் போகாதா!

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். அதிகாரி தேத்தண்ணி குடித்துவிட்டு, மிக நன்று என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அதிபர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அல்லாஹ் காப்பாத்தினான்" என்றார். யாரை என்று சீலா கேட்கவில்லை.

விடிந்ததும் துறையில் அபூதாஹிர் காத்து நின்றார். கையில் ஓலையில் கோத்த இரண்டு பாரைக்குட்டி. சீலா பாதையால் இறங்கியதும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"டீச்சர், எங்கட புள்ள உங்களுக்கு அவமானம் தேடித் தந்திட்டாளாம். பொய்யும் சொன்னாளாம். ராவு நல்லா அடிச்சிருக்கன். கடைசி வரைக்கும் நான் ஊத்தல்ல ஊத்தல்ல எண்டுதான் கத்தினாள், அதுக்கும் சேத்து அடிச்சன். நீங்க ஒண்டும் மனசில வெச்சிக்காதீங்க. புள்ளைய ஒதுக்கிடாதீங்க."

உண்மையைச் சொல்ல இதைவிட ஒரு தருணம் வாய்க்குமா? சுற்றிலும் ஆட்கள், லொறிச் சத்தம், அவருடைய குனிந்த தலை. சொன்னால் அது அதிபர் காதுக்குப் போகும், அங்கிருந்து கந்தோருக்குப் போகும். "அடிக்காதேங்கோ, சின்னப் பிள்ளைதானே" என்று மட்டும் சொன்னாள். மீனை வாங்கிக்கொண்டாள். அன்று பின்னேரம் திரேசம்மா அதைப் புளி விட்டுக் காய்ச்சி, "நல்ல ருசியான மீன், உந்தக் கிண்ணியாச் சனம் நல்ல சனம்" என்று இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள். சீலாவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

ஆவணியில் கடிதம் வந்தது. சீலா நிரந்தர ஆசிரியை. அம்மா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். மைமூனா வழக்கம்போல் பாடசாலைக்கு வந்தாள். முகம் திருப்பவில்லை, கோபம் காட்டவில்லை. சீலா கூப்பிட்டால் வந்தாள், சொன்னதைச் செய்தாள். எத்தனையோ தரம் சீலா அவளைத் தனியாகக் கூப்பிட்டு நிறுத்தினாள். "சாப்பிட்டியா?" என்று கேட்டு அனுப்பினாள். வேறென்னத்தைக் கேட்க?

கார்த்திகை பிறந்ததும் ஓர் இரவு வானம் உடைத்துக்கொண்டு கொட்டியது. காலையில் முற்றம் முழுக்க வெள்ளம், கொட்டில் பத்து இடத்தில் ஒழுகியது. மழைப் போத்தல் விளிம்புவரை நிறைந்து நின்றது. எல்லாப் பிள்ளைகளும் யன்னலில் தொங்கிக் கும்மாளம் போட்டார்கள். சீலாவுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை வந்தது, இந்த மழையோடு எல்லாம் கழுவுப்பட்டுப் போகும் என்று ஒரு மடத்தனமான நம்பிக்கை.

"மைமூனா, ஓடு, ஓடு! அளந்துகொண்டு வந்து மட்டையில போடு!"

மைமூனா எழும்பினாள். வாசல் பக்கம் போகவில்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு நேரே மட்டைக்குப் போய், திரும்பி, மரியாதையாகக் கேட்டாள்.

"எவ்வளவு எண்டு போடட்டும், டீச்சர்?"