தலைகீழாய்ப் படுத்த கல்

பள்ளிப்பட்டுக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் நெல்வயல் வைத்திருந்த தாயாரம்மாளுக்கு, 1967-ஆம் வருஷம் மாசி மாதத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளால் ஒரே வாரத்தில் தலைவலி வந்தது. ஒருவன் அவளுடைய கல்சுவரைத் தன் அப்பன் கட்டியது என்றான். இன்னொருவன் அதை யாருமே கட்டவில்லை என்றான். இந்த இரண்டில் எது பெரிய அக்கிரமம் என்று அவளுக்கு வெள்ளிக்கிழமை வரையில் முடிவு செய்ய முடியவில்லை.

முதலாமவன் முனிகிருஷ்ணன். நாலு வருஷம் முன்பு செத்துப்போன அவள் புருஷன் பச்சையப்பனுக்குச் சித்தப்பா மகன். மேல்வயல் அவனுடையது, கீழ்வயல் அவளுடையது. மேல்வயல் மண் சரிந்து விழாதபடி நடுவே மார்பு உயரத்துக்கு அந்தச் சுவர் நின்றது. அதன் காலடியில் ஒரு வாய்க்கால். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அவள் வயலுக்கு வர அதைவிட்டால் வேறு வழி கிடையாது.

"அண்ணி, சுவரு எங்க நைனா கட்டினது. சுவரு என்னுதுன்னா அதும் காலடியில கீற வாய்க்காலும் என்னுதுதானே?" என்று ஒரு நாள் காலையில் வேப்பங்குச்சியை மென்றுகொண்டே சொன்னான். பச்சையப்பன் இருந்தவரை இதைச் சொல்ல அவனுக்கு நாக்கு எழும்பவில்லை; செத்த பிறகும் நாலு வருஷம் காத்திருந்தான்.

"உங்க நைனா கயித்துக் கட்டிலக்கூட நேரா கட்டினது கெடையாது, தம்பி. நானும் உங்க அண்ணனும் ஒரு கோடை பூரா முதுகு ஒடிய வெச்ச சுவரு இது."

"சாட்சி கீதா?"

சாட்சிதான் இல்லை. வயல் ஊருக்கு எட்டாத இடம். கட்டியதைப் பார்த்தது காக்கையும் மலையும்தான். ஊராரைக் கேட்டால், இரண்டு பக்கமும் உறவு என்பதால், இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை திருத்தணி தாலுக்கா ஆபீசிலிருந்து சர்வேயர் வந்து எழுதுவதுதான் முடிவு என்று ஆயிற்று. வாய்க்கால் போனால் வயல் போச்சு, வயல் போனால் அவள் யார் வீட்டு நெல்லையாவது புடைத்துப் பிழைக்க வேண்டும்.

இரண்டாமவன் திங்கட்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினான். அருணகிரி என்று பெயர், வயது இருபத்தாறு, மலைகளையும் பாறைகளையும் ஆராய்வது சர்க்கார் உத்தியோகம். கையில் சுத்தியல், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி, மூக்கில் தோல் உரிகிற அளவுக்கு வெயில். தாயாரம்மாள் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, அவன் அவளுடைய சுவருக்கு முன்னால் வந்து நின்றான், குனிந்தான், பிறகு சேற்றிலேயே மண்டி போட்டுவிட்டான்.

"இன்னா சார், ஏதாவது வுழுந்துட்ச்சா?"

"இதப் பாருங்கம்மா! இந்தக் கல்லு மேல வரி வரியா இருக்கு, தெரியுதா? பழவேற்காடு ஏரியில தண்ணி வத்தினா மணல்ல இதே மாதிரி வரி நிக்கும். அலை போட்ட கோலம். அந்த மணல்தான் இறுகிக் கல்லாயிடுச்சு. நூறு கோடி வருஷத்துக்குக் குறையாது. நீங்க புல் அறுக்கற இடத்துல கடல் இருந்ததும்மா!"

தாயாரம்மாள் அந்த வரிக்கற்களின் மேல் இருபது வருஷமாகத் துணி துவைத்தவள். அழுக்கு நன்றாகப் போகும் என்பதைத் தவிர அவற்றைப் பற்றி வேறு அபிப்பிராயம் அவளுக்கு இல்லை. ஆனால் பையன் சந்தோஷப்படுகிற அழகைப் பார்த்து ஒரு சொம்பு மோர் கொடுத்தாள்.

கட்டிய சுவரை மலைப்பாறை என்று நினைத்து அவன் ஏமாந்ததற்குக் காரணம் பச்சையப்பன். சுவர் வைப்பதில் அவனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கல் மலையில் எப்படிப் படுத்திருந்ததோ, அதே சாய்வில், அதே முகம் மேலே இருக்கும்படிதான் சுவரிலும் படுக்க வேண்டும். புரட்டிப் போட்டால் மழைக்குக் கிளம்பிவிடும் என்பான். மலையில் கல்லைப் பெயர்க்கும்போதே மேல்முகத்தில் கரிக்கோடு போட்டுவிடுவான். அப்படி வைத்த சுவரில் எட்டு வருஷம் பாசியும் புல்லும் ஏறினால், அது மலையின் ஒரு துண்டு மாதிரித்தானே இருக்கும்? படித்தவன் ஏமாறாமல் என்ன செய்வான்.

புதன்கிழமை அருணகிரிக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. மேலிருந்து மூன்றாவது கல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் கையைவிட்டுத் தடவியவன், மல்லாந்து படுத்துப் பார்த்தான். மற்ற எல்லாக் கற்களிலும் வரிகள் மேல்முகத்தில். இந்த ஒரு கல்லில் மட்டும் கீழ்முகத்தில், முனைகள் தரையைப் பார்த்தபடி.

"தலைகீழா இருக்கு!" என்று கத்தினான். "நடுவுல ஒரு அடுக்கு மட்டும் தலைகீழா! இந்த மலை ஒரு காலத்துல மடிஞ்சு, குப்புற விழுந்து, மறுபடியும்... இதுவரைக்கும் யாரும் எழுதல. நான் கல்கத்தாவுல இருக்கற எங்க தலைமை ஆபீசுக்குத் தந்தி கொடுக்கப் போறேம்மா. பெரியவங்க எல்லாரும் வருவாங்க."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது ஆள் கட்டிய சுவர் என்றே அவன் நினைக்கவில்லை. சொல்லிவிட வாயெடுத்தவள், சட்டென்று நிறுத்திக்கொண்டாள். யாரும் கட்டாத பாறை என்றால் முனிகிருஷ்ணன் அப்பனும் கட்டவில்லைதானே? அவள் இன்னொரு சொம்பு மோர் கொண்டுவரப் போனாள்.

வெள்ளிக்கிழமை சர்வேயர் துளசிராமன் அளவுச் சங்கிலியோடும் குடையோடும் வந்தார். வேடிக்கை பார்க்க ஊரில் பாதி வந்தது. முனிகிருஷ்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தன் அப்பன் எப்படிக் கல் சுமந்தார் என்று கண் கலங்கச் சொல்லி முடித்தான். உடனே அருணகிரி குறுக்கே வந்தான்.

"மன்னிக்கணும் சார். இது சுவரே இல்ல. இயற்கையான பாறை."

"அப்போ எங்க நைனா?" என்றான் முனிகிருஷ்ணன்.

"உங்க நைனா பொறக்கறதுக்கு நூறு கோடி வருஷம் முன்னாடியே இது இங்க இருக்கு."

கூட்டம் சிரித்தது. துளசிராமன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். கவர்ன்மெண்டு ஆபீசர் சொன்னால் கவர்ன்மெண்டு ஆபீசர் கேட்டுத்தானே ஆக வேண்டும். "பாறைன்னா புறம்போக்கு. யாருக்கும் பாத்தியம் இல்ல. வாய்க்கால் எப்பவும்போல ஓடட்டும்" என்று பென்சிலைக் கூர் பார்த்தார்.

தாயாரம்மாள் ஜெயித்துவிட்டாள். வாயை மட்டும் மூடிக்கொண்டு நின்றால் போதும். அவளும் மூடிக்கொண்டுதான் நின்றாள்.

அருணகிரி சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷத்தில் சுவரைத் தட்டிக்கொடுத்து, "எவ்வளவு கச்சிதமா அடுக்கியிருக்கு பாருங்க. இதுல மனுஷன் கையே படல" என்றான்.

தாயாரம்மாள் அவன் தட்டிய கல்லைப் பார்த்தாள். பச்சையப்பனின் இடது கட்டைவிரல் இரண்டு கல்லுக்கு நடுவில் நசுங்கியது இந்தச் சுவரில்தான். நகம் விழுந்து, மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து, நாலாம் நாள் அந்தக் கையோடேயே வந்து மண் குழைத்தான். அவன் இந்த உலகத்தில் வைத்துவிட்டுப் போனது இது ஒன்றுதான். பிள்ளை குட்டிகூட இல்லை.

"பட்டுகீது சார்" என்றாள். "எங்க ஊட்டுக்காரரு கை பட்டுகீது. என் கையும் பட்டுகீது. நாங்க கட்டின சுவரு இது."

அருணகிரியின் முகம் வெளுத்துப்போனது. முனிகிருஷ்ணன் எகிறிக் குதித்தான். "பாத்தீங்களா சார், கட்டினதுதான்! எங்க நைனா கட்டினது!"

"மறுபடியும் மொதல்லேர்ந்தா? பேஜாரா கீதேய்யா" என்று துளசிராமன் குடையை ஊன்றினார்.

அருணகிரிக்கு இன்னும் நம்பிக்கை விடவில்லை. "அம்மா, எல்லாக் கல்லும் நேரா இருக்கு. கட்டினவங்க இது ஒண்ண மட்டும் ஏன் தலைகீழா வெக்கணும்?" என்று கேட்டான். சட்டைப்பையில் தந்திக்காக எழுதிய காகிதம் துருத்திக்கொண்டிருந்தது.

சர்வேயருக்கு அந்தக் கேள்வி பிடித்துவிட்டது. "முனிகிருஷ்ணா, நீ சொல்லு. உங்க நைனா இத ஏன் கவுத்து வெச்சாரு?"

முனிகிருஷ்ணன் கல்லைப் பார்த்தான், மலையைப் பார்த்தான். "நைனாவுக்கு அப்போ கண்ணு சரியா தெரியாது சார்."

"நீ சொல்லும்மா."

"வரி இருக்கற பக்கத்துல கோடு கிழிக்க முடியாது சார். வழவழன்னு கீற பக்கம் மேல வரணும்னு நான்தான் கவுக்கச் சொன்னேன். அவரு ஒத்துக்கவே இல்ல, ஒரு நாள் பூரா சண்டை. அது பலகை சார். சுவரு கட்டறப்ப மத்தியானத்துல அதுமேலதான் நாங்க ஆடு புலி ஆடுவோம்." "கடைசி ஆட்டத்துல நான் ரெண்டு புலிய கட்டிட்டேன். மூணாவதையும் கட்டப் போறேன், மழை வர்றாப்புல கீதுன்னு அந்த மனுஷன் ஆட்டத்தும் மேலயே மண்ணக் கொட்டிப் பூசிட்டாரு. மறுநாள் காலையில நான் போறதுக்குள்ள மேல் கல்லையும் ஏத்திட்டாரு. மழையும் வரல, ஒண்ணும் வரல. தோத்துடுவோம்னு பயம். கேட்டா, நான்தான் ஜெயிச்சிருப்பேன்னு சாகற வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

யாரோ கடப்பாறை கொண்டுவந்தார்கள். மேலிருந்த இரண்டு கற்களைப் புரட்டினார்கள். அடியில் கெட்டித்துப்போன மண். அதை உடைக்க அருணகிரி யாரையும் விடவில்லை. தன் பையிலிருந்து சின்ன உளியையும் தூரிகையையும் எடுத்து, எலும்பைத் தேடுகிறவன் மாதிரி சுரண்டி, ஊதி, தூசி தட்டினான். ஒரு கோடு தெரிந்தது. பிறகு கூரை மாதிரி ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள். கோடுகள் சேரும் இடங்களில் வெள்ளைக் கல் சில்லுகள், மண்ணில் அழுந்தி, வைத்தது வைத்தபடி. நடுவே புலிகளாக மூன்று செங்கல் துண்டுகள்.

முனிகிருஷ்ணன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தான். துளசிராமன் காகிதத்தில், பச்சையப்பனும் அவர் சம்சாரமும் கட்டிய சுவர் என்று எழுதி, அடியில் கோடு போட்டார். அருணகிரி தந்திக் காகிதத்தை நாலாய்க் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டான். முகத்தில் அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கல்கத்தாவில் நடந்திருக்க வேண்டிய மானக்கேடு பள்ளிப்பட்டோடு போயிற்று.

தாயாரம்மாள் யாரையும் கவனிக்கவில்லை. பலகைமேல் குனிந்து, விரலால் கோடுகளை எண்ணினாள். இரண்டு புலிகள் சுற்றிலும் ஆடுகளுக்கு நடுவே நகர வழியின்றிக் கிடந்தன. மூன்றாவதற்கு நகர ஒரே ஒரு இடம் காலி. ஆட வேண்டியது அவள்.

அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. "திருட்டு மனுஷா!" என்றாள். ஓர் ஆட்டை நகத்தால் நெம்பி எடுத்து, அந்தக் காலி இடத்தில் அழுத்தி வைத்தாள்.

பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வாய்க்காலில் இறங்கி மண் குழைக்க ஆரம்பித்தாள்.